சனிக்கிழமை சிடி

ஜூன் 4

அன்புள்ள கண்ணாடிக்காரிக்கு,

நலம். நீயும் நீ வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் பேச ஆரம்பித்தால் 'சாப்பிட்டாயா' என்பதற்குள் சண்டை வந்துவிடுகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

கம்பெனி புதுக் கார் கொடுத்திருக்கிறது. எல்லாம் இருக்கிறது, சிடி போட வாய் மட்டும் இல்லை. நடுவில் டிவி மாதிரி ஒரு திரை, அதற்குக் கீழே ஒரு யூஎஸ்பி துளை, அவ்வளவுதான். முதல் நாள் பழக்க தோஷத்தில், பையில் கிடந்த ஒரு சிடியை ஏசி காற்று வருகிற இடுக்கில் சொருகப் பார்த்தேன். பக்கத்தில் இருந்த சூப்பர்வைசர், "ஏன் சார், சிடிக்கு வேர்க்குதா?" என்று கேட்டு ஊரெல்லாம் சொல்லிவிட்டார்.

போனிலிருந்து போடலாம்தான். ஆனால் பாட்டு சூடுபிடிக்கும் நேரத்தில் யாராவது கூப்பிட்டு, "லிஃப்ட் நடுவுல நின்னுபோச்சு, உள்ள ஆள் மாட்டிக்கிட்டாங்க" என்பார்கள். பாட்டு அறுந்துபோகும். அலமாரியில் என் சிடிகள் எல்லாம் இருக்கின்றன அல்லவா? அவற்றை ஒரு பென்டிரைவில் ஏற்றி அனுப்பு. கொஞ்சம் சீக்கிரம்.

அன்புடன்,
லிஃப்ட்காரன்


ஜூன் 11

அன்புள்ள உங்களுக்கு,

ஐந்து மாதம் கழித்து உங்கள் கையெழுத்து. உறையைக் கிழிக்க மனமில்லாமல் ஓரமாகப் பிரித்தேன். படித்து முடித்த பிறகுதான் புரிந்தது, நீங்கள் தேடியது அலமாரியை.

சரி, செய்து தருகிறேன். நேற்று எல்லாவற்றையும் தூசி தட்டி எடுத்தேன். ஒவ்வொரு சிடியின் மேலும் நீங்கள் எழுதி வைத்ததைப் பார்த்தேன்: 'பாலம்', 'ஆஸ்பத்திரி ரோடு', 'டவர் கட்டடம்'. எந்த வேலைக்கு எந்த ரோட்டில் போவீர்களோ, அந்த ரோட்டின் நீளத்துக்குச் சரியாகப் பாட்டை வெட்டித் தைத்த தையல்காரர் உலகத்திலேயே நீங்கள் ஒருவர்தான்.

'சனிக்கிழமை' என்ற சிடியும் இருக்கிறது. வேலை பார்க்கும் ஊரில் இருக்கிற உங்கள் அறையிலிருந்து நம் வீட்டு வாசல்வரைக்கும் வருகிற பாட்டுகள். வாசலுக்கு வந்த பிறகும் கடைசிப் பாட்டு முடியாமல் இறங்கமாட்டீர்கள். நான் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பேன். டீ ஆறிப்போகும். "என்னைக் கட்டிக்கிட்டதுக்குப் பாட்டைக் கட்டிக்கிட்டிருக்கலாம் நீங்க" என்று எத்தனை தடவை கத்தியிருக்கிறேன். வாராவாரம் வந்தீர்கள், பிறகு மாதம் ஒருமுறை, பிறகு அதுவும் நின்றுபோனது. இப்போது கத்துவதற்காகவாவது ஆள் வந்தால் தேவலை போலிருக்கிறது.

கடைசியாக வந்தபோது நீங்கள் விட்டுப்போன பழைய கார் என்னிடம்தான் இருக்கிறது. அதில் சிடி வாய் நன்றாகவே இருக்கிறது. நேரில் வந்து கேட்டுவிட்டுப் போகலாமே?

உங்கள்,
கண்ணாடிக்காரி


ஜூன் 24

அன்புள்ள கண்ணாடிக்காரிக்கு,

பென்டிரைவ் கிடைத்தது. நன்றி. ஆனால் வரிசை எல்லாம் தாறுமாறு. முதல் பாட்டு முடிந்தால் பத்தாவது பாட்டு வருகிறது, அப்புறம் பதினொன்று, அப்புறம்தான் இரண்டு. பாலத்தில் ஏறும்போது வர வேண்டிய பாட்டு, வண்டியை நிறுத்தி டூல் பெட்டியை இறக்கும்போது வருகிறது. இதற்குப் பாட்டே இல்லாமல் ஓட்டலாம்.

வேலை தலைக்கு மேல் இருக்கிறது. இப்போதைக்கு வருவது கஷ்டம். வரிசையை மட்டும் சரிசெய்து அனுப்பு, ப்ளீஸ். நீ எதையும் பொறுமையாகச் செய்வாய்.

அன்புடன்,
லிஃப்ட்காரன்


ஜூலை 1

அன்புள்ள உங்களுக்கு,

தப்பு என்னுடையதுதான். ஒன்று, இரண்டு என்று எண் போட்டேன். மெஷினுக்கு ஒன்றுக்கு அடுத்தது பத்தாம். கடையில் கம்ப்யூட்டர் பார்க்கிற பெண், "முன்னாடி ஒரு சைபர் போடுங்கக்கா, 01, 02ன்னு" என்று சொல்லிக்கொடுத்தாள். ஒவ்வொரு பாட்டுக்கும் பெயர் மாற்றினேன். கழுத்து பிடித்துக்கொண்டது. பழைய பென்டிரைவை நீங்கள் திருப்பி அனுப்பவில்லை, அதனால் வீட்டில் கிடந்த சின்னதில் ஏற்றியிருக்கிறேன்.

இன்னொரு விஷயம். தூரத்து ஊரில் கடைக்குப் புதுக் கிளை திறக்கிறார்கள். என்னை மேலாளராகப் போகச் சொல்கிறார்கள். இந்த மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். போனால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். அதற்குப் பிறகு நீங்கள் எந்த வாசலுக்கு வருவீர்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். போனில் கேட்டால் சண்டையாகிறது, எழுதினால் புகாராகிவிடுகிறது. அதனால் என் குரலிலேயே பேசி, 'சனிக்கிழமை'யில் கடைசிப் பாட்டுக்கு அடுத்து வைத்திருக்கிறேன். தனியாக இருக்கும்போது கேளுங்கள். போவதா, இருப்பதா என்பதை உங்கள் பதிலைப் பார்த்துத்தான் முடிவு செய்வேன். மாதக் கடைசிக்குள் எழுதிவிடுங்கள்.

உங்கள்,
கண்ணாடிக்காரி


ஜூலை 19

அன்புள்ள கண்ணாடிக்காரிக்கு,

இப்போது வரிசை கச்சிதம்! பாலத்தில் இறங்கும்போது சரியாக அந்தப் புல்லாங்குழல் வருகிறது. சூப்பர்வைசரே தாளம் போடுகிறார். உன் கைக்குத் தங்கக் காப்பு போடலாம்.

ஒரே குறை, இடம் போதவில்லை. துறைமுகம் பக்கம் ஒரு புதுக் கட்டடத்தில் வேலை எடுத்திருக்கிறோம். அந்த ரோட்டுக்குப் புதிதாக ஒரு தொகுப்பு செய்தேன். எதை எடுத்துவிட்டு அதைப் போடலாம் என்று பார்த்தால் 'சனிக்கிழமை' சும்மா கிடந்தது. அந்தப் பக்கம் நான் வருவதில்லையே. அதை அழித்துவிட்டேன்.

பிறகு அந்த சைபர் போடும் முறையைப் பார்க்க உன் கடிதத்தை எடுத்தேன். அதில் ஏதோ பேசி வைத்திருப்பதாக எழுதியிருக்கிறாய். வேலை அவசரத்தில் சுத்தமாக மறந்துபோனேன். கோபித்துக்கொள்ளாதே. முக்கியமானது என்றால் இரண்டு வரி எழுதிவிடு.

மேலாளர் பதவிக்கு வாழ்த்துகள்! போய் ஒரு கலக்கு கலக்கு. கார் கொடுப்பார்களா? யூஎஸ்பி இருக்கிறதா என்று பார்த்து வாங்கு.

அன்புடன்,
லிஃப்ட்காரன்


ஜூலை 24

லிஃப்ட்காரருக்கு,

வாழ்த்து கிடைத்தது.

நீங்கள் அழித்ததன் பிரதி ஒன்று என் கம்ப்யூட்டரில் இருந்தது. அதையும் அழித்துவிட உட்கார்ந்தேன். அதற்கு முன்னால் ஒருமுறை கேட்டேன். நடுவில் பக்கத்து வீட்டு மிக்ஸி சத்தம், அதற்கும் மேலே குரலை உயர்த்திப் பேசியிருக்கிறேன். ஒரு பொம்பளை இப்படிக் கெஞ்சுவாளா என்று எனக்கே எரிச்சலாக வந்தது. அந்தக் குரல் உங்கள் காதில் விழாமல் போனதே நல்லது.

கோபம் இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். முன்பின் தெரியாதவர் லிஃப்டில் மாட்டிக்கொண்டு கூப்பிட்டால், கேட்கிற பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு ஓடுகிறவர் நீங்கள். நான் கூப்பிட்டது இடத்தை அடைத்துக்கொண்டிருந்திருக்கிறது.

புதுக் கிளைக்குப் போகிறேன் என்று கடையில் சொல்லிவிட்டேன். திங்கட்கிழமை கிளம்புகிறேன். பழைய காரை எடுத்துக்கொண்டு போகிறேன். உங்கள் சிடிகளை அட்டைப்பெட்டியில் கட்டி வீட்டுச் சொந்தக்காரரிடம் கொடுத்திருக்கிறேன். அவருக்கு இடம் போதாமல் போவதற்குள் வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.

இரண்டு வரி கேட்டீர்கள். நான் பேசியதில் கடைசி இரண்டு வரியை எழுதுகிறேன்.

"என்னங்க, 'போகாதே'ன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. நான் போகமாட்டேன்."

நீங்கள் போய்க் கலக்கச் சொல்லிவிட்டீர்கள்.

இப்படிக்கு,
கிளை மேலாளர்