ஓடாத ஃபைலும் நான் சொன்ன வார்த்தையும்

உன் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுவாரம் உன் மகள் பாகூரிலிருந்து வந்து ஒரு ஹார்டுடிஸ்கைக் கொடுத்தாள். "அப்பா உங்களுக்குன்னு எடுத்து வெச்சிருந்தாரு, பெரிப்பா." மேலே ஒட்டிய பிளாஸ்திரியில் என் பெயர், உன் கோணல் எழுத்தில்.

வில்லியனூரில் நம் வீடியோ கேம் கடையில் ஆட்டப் பெட்டிகளின் போர்டுகள் ஒவ்வொன்றாகச் செத்தபோது, பெட்டிக்குள் பழைய கம்ப்யூட்டரை வைத்து, எமுலேட்டர் என்ற மென்பொருளைப் போட்டு அதே ஆட்டங்களை ஓடவைத்தோம். யாரும் சொல்லித்தரவில்லை. நானே தட்டித்தடவிக் கற்றேன். அதனாலேயே நான் போட்ட வெர்ஷன்தான் சரி என்றிருந்தேன்.

ஒரு தீபாவளிக்கு முதல் நாள் நீ ஆட்டங்களின் புது ஃபைல்கள் கொண்டுவந்தாய். பழையவற்றின் மேலேயே காப்பி செய்தோம். பெயர் ஒன்று, ஆகவே ஃபைலும் ஒன்று என்று இருவருமே நம்பினோம். ஒரு ஆட்டமும் ஓடவில்லை. ஃபைலில் ஏதோ குறைகிறது என்றது திரை.

"இன்னாடா கொண்டாந்த? கெட்டுப்போன சரக்கா?"

"ஃபைலு நல்லாத்தான் கீது. உன் வெர்ஷனுக்கு ஒத்துவரல. புது வெர்ஷன் போடு, ஓடும்."

"ஃபைலு இன்னா உன் மாமியாரா, புதுப்பொடவ குடுத்தாதான் வருமா?"

ஆட வந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு இன்னும் வேகம் ஏறியது. "தனியா கடை போடப் பாக்குறாம்பா. அதுக்குத்தான் வேணும்னே கெடுத்துட்டான்" என்று அவர்களிடம் சொன்னேன். நீ சைக்கிளை எடுத்துக்கொண்டு போனாய். அதற்குப் பிறகு நாம் பேசவேயில்லை.

டிஸ்கில் அதே ஃபைல்கள் இருந்தன. கூடவே அவற்றுக்குப் பொருந்தும் எமுலேட்டரையும் வைத்திருந்தாய். நான் விடாப்பிடியாக முதலில் என் பழைய வெர்ஷனில்தான் போட்டேன். அதே செய்தி. பிறகு உன்னுடையதைப் போட்டேன். எல்லா ஆட்டமும் ஓடியது. ஃபைலும் எமுலேட்டரும் ஒரே காலத்தவையாக இருக்கவேண்டும், அவ்வளவுதான் விஷயம்.

புது வெர்ஷனில் சத்தம் சற்றுப் பிந்தி வருகிறது. அதை இப்போதும் ஒத்துக்கொள்ள மாட்டேன். இந்த டிஸ்கோடு நீயும் ஒருமுறை வந்திருக்கலாம். அந்த வருத்தமும் எனக்கு உண்டு. ஆனால் அந்த வார்த்தையைச் சொன்னவன் நான்.

அன்று சிரித்தவர்களில் ஒருவன்தான் இப்போது ஊரில் இருக்கிறான். நேற்று அவன் வீட்டுக்கே போனேன். "அவன் கெடுக்கலபா. தப்பு என்னுது" என்றேன்.

"எந்த ஃபைலு? யார் கெடுத்தது? இன்னா சொல்ற நீ?" என்றான்.

அவனுக்கு அந்த நாளே நினைவில்லை. உனக்கும் எனக்கும் மட்டும்தான் இருந்திருக்கிறது. இனி எனக்கு மட்டும்.