காதோரம் வைத்த ஃப்ளாஷ்

அண்ணா,

உன் வீட்டைக் காலி செய்யக் கப்பலேறி வந்திருக்கிறேன். அதற்கான காகிதத்தில் ஒட்ட இன்று பஜாரில் ஒரு போட்டோ எடுத்தேன். கேமரா தலையிலேயே ஃப்ளாஷை மாட்டி, முகத்துக்கு நேரே அடித்தார்கள். படத்தில் என் வலது கன்னம் மழமழவென்று இருக்கிறது. கார் நிக்கோபாரில் சுனாமி அலையோடு வந்த தகரம் கிழித்த தழும்பைக் காணவில்லை. "ஏங்க, அழிச்சிட்டீங்களா?" என்று சண்டைக்குப் போனேன். கடைக்காரப் பெண் சிரித்தாள்.

"நேரா அடிச்சா மேடு பள்ளம் தெரியாது, தீதி."

உன்மேல் பழைய சந்தேகம் கிளம்பிவிட்டது.

அம்மாவை அலை கொண்டுபோன பிறகு, நாம் இருவர் மட்டும் லம்பா லைனில் இந்த வீட்டுக்குக் குடியேறிச் சில வருஷம் ஆகியிருந்தது. மதுரையிலிருந்து ஒரு வரன் வந்து போட்டோ கேட்டார்கள். கல்யாண வீடுகளில் நேரே ஃப்ளாஷ் அடித்துப் பிழைத்தவன் நீ. அன்றைக்கு மட்டும் அதைக் கழற்றி, என் வலது காதோரமாக அரிசி டின் மேல் வைத்தாய். ஜன்னலையெல்லாம் மூடினாய். உன் போக்கே எனக்குப் பிடிக்கவில்லை. தழும்பை வெளிச்சத்தில் வெளுக்கவைத்து மறைக்கப் பார்க்கிறாய் என்று நினைத்தேன். ஏமாந்து வருகிற மாப்பிள்ளை கன்னத்தைப் பார்த்து முகம் சுளித்தால், அந்த முகத்தோடு காலம் தள்ள வேண்டியவள் நானல்லவா?

"எல்லாரையும் மாதிரி நேரா அடி. அவங்க கண்ணுல மண்ணத் தூவாத."

"சுப்சாப் உக்காரு. அண்ணன் மேல பரோசா இல்லியா?"

"இல்ல, நம்பிக்கை இல்ல."

பிரிண்ட்டை எனக்குக் காட்டாமலே தபாலில் சேர்த்தாய். மடியில் கனமில்லாதவன் எதற்கு மறைக்கிறான்?

பெண் பார்க்க வந்தவரின் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதிர்ச்சி எதுவும் இல்லை. நல்லவராக நடிக்கிறாரோ என்று அவர்மேலும் சந்தேகம். தழும்பு போட்டோவில் தெரிந்ததா என்று நானே கேட்டுவிட்டேன்.

"போட்டோல இன்னும் ஆழமா இருந்துச்சுங்க. எப்படி வலிச்சிருக்கும்னு எங்கம்மா அழுதுட்டாங்க" என்றார்.

கதவோரம் நின்ற நீ விருட்டென்று வெளியே போனாய். நீ போன அந்த விதம்தான் இன்னும் என்னை அரிக்கிறது. பக்கத்திலிருந்து சரித்து அடித்த வெளிச்சம் தையல் தடத்தைக்கூட நிழலோடு எடுத்துக் காட்டும் என்று உனக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தாய். விஷயம் தெரிந்து வருகிறவனுக்கு என்னைக் கொடுக்கவா? இல்லை, பார்த்ததும் வேண்டாமென்று சொல்லிவிடுவார்கள், தங்கச்சி நம்மோடேயே இருந்துவிடுவாள் என்றா? அவரைக் கட்டிக்கொண்டு போன பிறகு போனில் எத்தனை தடவை கேட்டாலும், "டென்ஷன் எடுக்காத, சாப்டியா?" என்று பேச்சை மாற்றினாய். கல்யாணமும் செய்துகொள்ளாமல், இந்த வீட்டில் தனியாகவே இருந்து போய்ச் சேர்ந்தாய்.

எது நிஜமென்று இனித் தெரியப்போவதில்லை. நானும் லேசில் விடுகிறவள் இல்லை. புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டேன். முதலாவது என்றால், என்னைப் பத்திரமாக அனுப்ப நினைத்திருக்கிறாய். இரண்டாவது என்றால், என்னை அனுப்பவே உனக்கு மனசில்லை. இரண்டில் எதுவானாலும் எனக்குப் போதும், அண்ணா. அதை எடுத்துக்கொண்டுதான் உன் வீட்டைப் பூட்டப் போகிறேன்.