திங்கட்கிழமை மட்டும் வந்த பிழை

ஆடி 20, செவ்வாய்

ஆறு வாரமாக என்னைப் படுத்திய பிழையை இன்று பிடித்துவிட்டேன். எங்கள் ஆலை உலையின் வெப்ப அளவுகளை ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு நகலெடுப்பது நான் எழுதிய ஸ்கிரிப்ட், ஒரு சின்ன நிரல். திங்கள் காலையில் மட்டும், நகல் ஆகாததை ஆகிவிட்டது என்று சொல்லும். ஷிப்ட் பார்க்கும் மூர்த்தி அண்ணன், "அது ராகுகாலம்மா. இன்னா பண்ணாலும் வெளங்காது" என்றார்.

காரணம் அவர் கையில்தான் இருந்தது. ஷிப்ட் மாறும்போதெல்லாம் ராசி என்று, ஸ்கிரிப்டை வரி வரியாகப் படித்து ஓட்டும் ஷெல் என்ற மென்பொருளை மூடித் திறப்பார்கள். ஞாயிறு லீவு, யாரும் தொடுவதில்லை. மூடாமல் ஓடிக்கொண்டே இருந்தால், கம்ப்யூட்டர் ஒவ்வொரு வேலைக்கும் தரும் அடையாள எண்கள் தீர்ந்து, பழைய எண்ணே புது வேலைக்கு வருகிறது. ஷெல் குழம்பி, பழைய வேலையின் முடிவைச் சொல்கிறது.

இன்று பதினொரு மணிக்கு எட்டு வரியில் ஒரு சோதனை எழுதி, எண்களை வேகமாகத் தீர்த்தேன். பத்தே நிமிடத்தில் ஷெல் பொய் சொன்னது.

"செவ்வாக்கெழம ராகுகாலம் மூணு மணிக்குத்தானே" என்று மூர்த்தி அண்ணன் முணுமுணுத்தார். பிறகு, "ஷெல் எழுதுனவங்களுக்கே தப்புன்னு எழுதப் போறியா? உன்ன திட்டிக்கினு பதில் போடுவாங்க" என்றார்.

எழுதி அனுப்பிவிட்டேன். உலையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எட்டு வரி, வந்த விடை, வரவேண்டிய விடை, அவ்வளவுதான். தொலைந்த அளவுகளுக்கு மேனேஜர் என்ன சொல்வாரோ, அது வேறு.

பதில் இன்னும் வரவில்லை. அவர்களுக்குக் கும்மிடிப்பூண்டி எங்கே என்றுகூடத் தெரியாது. தெரிய வேண்டாம். அந்த எட்டு வரியை எந்த ஊரில், எந்தக் கிழமையில் ஓட்டினாலும் ஷெல் பொய்தான் சொல்லும்.