பூட்டு பிறந்த நொடி

பதிவு 1 — ஜூன் 14, காலை 9:10

ஆய்வுக்கலம் 'கொன்றை'. நிலாவைத் தாழ்வாகச் சுற்றுகிறது. கலத்தில் ஒரே ஆள்: ரஞ்சிதம் ஞானையா, சொந்த ஊர் நாகர்கோவில். காற்று சரி. தண்ணீர் சரி. காப்பி மட்டம்.

இதைக் கண்டெடுப்பவருக்கு: கெட்ட நிரல்களைத் திறந்து பார்ப்பது என் வேலை. அவை வெளியே பரவிவிடக் கூடாது என்பதால் இந்தக் கலத்துக்கு எந்த வலைத்தொடர்பும் கிடையாது. பேசுவதற்கு ஒரு ரேடியோ உண்டு, அவ்வளவுதான். இன்ஜினைக்கூட நான் தொட முடியாது. அது கலத்தின் கடிகாரத்தைப் பார்த்து, குறித்த நேரத்தில் தானே எரிந்து உயரத்தைச் சரிசெய்துகொள்ளும். கெட்ட நிரல் ஒன்று தப்பித்து இன்ஜினை ஓட்டிவிடக் கூடாதல்லவா, அதற்காக இந்த ஏற்பாடு.

மூன்று வாரமாக மேசையில் இருப்பது ஒரு பில்டர். ரான்சம்வேர், அதாவது கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் பறிக்கும் நிரல், தயாரித்துக் கொடுக்கும் கருவி. பெரிய மர்மம் எதுவும் இல்லை, கல்யாணப் பத்திரிகை அடிக்கும் கடை மாதிரிதான். மிரட்டல் வாசகம், கெடு, எதையெல்லாம் பூட்ட வேண்டும் என்று தேர்ந்தெடுத்துப் பொத்தானை அழுத்தினால் போதும். ஒரு பூட்டும் அதற்கான சாவியும் பிறக்கும். நிரல் எழுதத் தெரியாத தடியன்கூட ஒரு மருத்துவமனையை முடக்கலாம்.

பதிவு 2 — ஜூன் 14, பகல் 12:40

இன்று காலைச் சரக்கு ஓடம் பூம்பாறைக் குடியிருப்பிலிருந்து ஒரு வட்டைக் கொண்டுவந்து போட்டுவிட்டுத் திரும்பியது. வட்டில் இருப்பது இதே பில்டரில் செய்த பூட்டு. நிலாத் தரையில் அறுபது பேர் வாழும் அந்தக் குடியிருப்பின் காற்றுச் சுத்திகரிப்பை அது மொத்தமாகப் பூட்டிவிட்டது. அங்கே போய் இறங்கிய கையோடு ஓடத்தின் கணினியும் பூட்டிக்கொண்டது. ஆக, இனி அங்கிருந்து யாரும் இங்கே வர முடியாது.

குடியிருப்பின் பொறுப்பாளர் சிதம்பரதாணு ரேடியோவில் வந்தார். எங்கள் ஊர்க்காரர்.

"ரஞ்சிதம் மக்கா, இங்க மூச்சு கனமாட்டு இருக்கு. பிள்ளையள எல்லாம் ஒரே கூடத்துல படுக்க வச்சாச்சு. நாளைக்குக் காலைல வரைக்கும் தாங்கும். பைசாவக் குடுத்துத் தொலச்சிரலாம்னு எல்லாரும் சொல்லுகா. நீ என்ன சொல்லுக?"

"ஒரு மணி நேரம் பொறுங்க அண்ணாச்சி. அதுவரைக்கும் அஞ்சு பைசா குடுக்காதீங்க."

பதிவு 3 — ஜூன் 14, பகல் 2:05

பில்டரில் நானே ஒரு பூட்டைச் செய்தேன். என் கோப்புகளைப் பூட்டினேன். பில்டரே தரும் சாவியையும், அதைப் போட்டுக் கோப்புகளை மீட்கும் திறப்பான் நிரலையும் வைத்துத் திறந்தேன். சின்னக் கோப்புகள் திறந்தன. பெரியவை அத்தனையும் குப்பை. மூன்று முறை செய்தும் அதே கதைதான். காற்றுச் சுத்திகரிப்பின் கோப்புகள் எல்லாமே பெரியவை.

பணத்தை வாங்கிக்கொண்டு, பூட்டிய இவன் கொடுக்கப்போகும் திறப்பான் அந்த அறுபது பேரையும் கொன்றுவிடும். அது இவனுக்கே தெரியாது, சோதித்துப் பார்த்திருந்தால்தானே. எனக்கு வந்த கோபத்தில் காப்பிக் குவளையைச் சுவரில் எறிந்தேன். அது மெதுவாக மிதந்து என்னிடமே திரும்பி வந்தது.

சாவி மட்டும் கிடைத்தால் ஒழுங்கான திறப்பானைத் தாணுவின் ஆட்களே எழுதிவிடுவார்கள். எனக்கு வேண்டியது சாவி.

பதிவு 4 — ஜூன் 14, மாலை 4:30

பிடித்துவிட்டேன்.

பில்டரைச் செய்தவன் சாவியை எதை வைத்துச் செய்கிறான் என்று தேடினேன். கடிகாரத்தை வைத்து! பொத்தானை அழுத்தும் நொடியில் கணினி என்ன நேரம் காட்டுகிறதோ, அதுதான் சாவிக்கு விதை. சோம்பேறி. அதே நொடியில் மறுபடி அழுத்தினால் அதே சாவி மறுபடி பிறக்கும்.

பூம்பாறையின் பூட்டு பிறந்த நாள் மே 30. அது பூட்டிலேயே பதிந்திருக்கிறது. எந்த நொடி என்று தெரியாது. அந்த நாள் முழுவதையும் ஒவ்வொரு நொடியாகச் சோதிக்க வேண்டும். இயந்திரம் பார்த்துக்கொள்ளும், விடிவதற்குள் முடிந்துவிடும்.

இதில் ஒரு சிக்கல். என்னைப் போன்றவர்கள் கடிகாரத்தைத் திருப்புவார்கள் என்று பில்டருக்குத் தெரியும். பக்கத்துக் கடிகாரங்கள் வேறு நேரம் காட்டினால் அது வேலை செய்யாது. அதன் கணக்கைப் பிரித்து நானே புதிதாக எழுதலாம், அதற்கு ஒரு வாரம் ஆகும். இந்தக் கலத்தில் இருப்பதோ ஒரே மூலக் கடிகாரம், அதையேதான் மே 30-க்குத் திருப்ப வேண்டும். இன்ஜினும் அதைத்தான் பார்க்கிறது. அடுத்த எரிப்பு இன்று மாலை 6 மணிக்கு. அது தவறினால் கலம் ஒரு நாளுக்குள் தரையில் விழும்.

எரிப்பை முடித்துவிட்டுத் தேடலாம் என்றால், அதன் சூட்டில் அணைந்துபோகும் கணினிகளைக் குளிரவைத்து மறுபடி எழுப்பவே பாதி நாள் போய்விடும். இன்ஜினுக்குத் தனிக் கடிகாரம் வையுங்கள் என்று இரண்டு வருடமாகக் கரடியாகக் கத்துகிறேன்.

தாணுவிடம் சொன்னேன்.

"வேண்டாம் மக்கா. நீ செய்யாண்டாம். நாங்க வேற வழி பாக்குகோம்."

"வேற வழி இருந்தா என்னைக் கூப்பிட்டிருப்பீங்களா அண்ணாச்சி?"

ரேடியோவில் அவருக்குப் பின்னால் ஒரு குழந்தை இருமிக்கொண்டே இருந்தது.

எனக்குப் பயமாக இருக்கிறது. திருப்பப் போகிறேன்.

பதிவு 5 — கடிகாரத்தில் மே 30

இனி நேரம் எழுதப்போவதில்லை, கலமே பொய் சொல்கிறது. எரிப்பு நடக்கவில்லை. இன்ஜினைப் பொறுத்தவரை இன்னும் ஜூன் பிறக்கவில்லை.

இறங்கிக்கொண்டிருக்கிறோம். ஒவ்வொரு சுற்றிலும் பள்ளங்கள் கொஞ்சம் பெரிதாகத் தெரிகின்றன. இயந்திரம் நொடிகளைத் தின்றுகொண்டிருக்கிறது. நான் மீதமிருந்த நல்ல பிஸ்கட்டைத் தின்றேன்.

பதிவு 6 — மே 30, இன்னும்

கிடைத்தது. பூம்பாறையின் கோப்பு ஒன்று என் திரையில் முழுசாகத் திறந்தது. வாய்விட்டு அழுதேன்.

கோப்பை அனுப்ப வழியில்லாததால் சாவியை ரேடியோவில் ஒவ்வொரு எண்ணாகப் படித்தேன். தாணு ஒவ்வொன்றையும் திரும்பச் சொன்னார். நடுவில் கலம் நிலாவுக்குப் பின்னால் போனது, குரல் அறுந்தது. மறுபக்கம் வந்ததும் விட்ட இடத்தைத் தேடாமல் முதல் எண்ணிலிருந்து படித்தேன். ஒரு எண் தப்பினாலும் அத்தனையும் வீண்.

கடிகாரத்தை முன்னால் தள்ளிப் பார்த்தேன். எரிப்பு நேரத்துக்கே வைத்தும் பயனில்லை: குதித்த கடிகாரத்தை இன்ஜின் நம்பாது, அது இரண்டு நாள் சீராக ஓடிய பிறகுதான் அடுத்த எரிப்பு. அது நாளை மறுநாள்.

பதிவு 7

"மக்கா... காத்து வருது. கேக்குதா? விசிறி சுத்துது. பிள்ளையள் எழும்பிட்டு."

கேட்டேன். விசிறிச் சத்தத்தையும் கேட்டேன்.

"அண்ணாச்சி, பேனாவ வைக்காதீங்க. இந்தக் கருவிய வாங்கினவன் இன்னும் எத்தனை பேரோ. அவனுக பூட்டின ஒவ்வொரு இடத்தையும் திறக்கணும். வழிய முழுசாச் சொல்லுதேன், எழுதி எல்லாருக்கும் அனுப்புங்க."

"போதும் மக்கா. உன் அம்மைக்கு எதாம் சொல்லணும்னா சொல்லு."

"அம்மைக்கு இதையே படிச்சுக் காட்டுங்க."

பதிவு 8

முழுவதும் சொல்லி முடித்தேன். அவர் எழுதி முடித்தார். திரும்பவும் படிக்கச் சொல்லிக் கேட்டேன். ஒரு இடத்தில் பிழை இருந்தது, திருத்தினேன்.

தரை ஜன்னல் முழுக்க வந்துவிட்டது. அவசரமாக எழுதுகிறேன், எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

பில்டரைச் செய்தவனே, கருவியில் எங்கு தேடியும் உன் பெயரைக் காணோம். என் பெயர் ரஞ்சிதம் ஞானையா. உன் பூட்டு ஒவ்வொன்றும் திறக்கப்படும்போது இந்தப் பெயர் உன் காதில் விழும். நீ இன்னொன்று செய்வாய், தெரியும். செய். எங்கள் ஆட்கள் அதையும் உட்கார்ந்து பிரிப்