யாருக்கு ஞாயிறு

ஜூன் 4

அன்புள்ள குட்டிக்கு,

அண்ணி எழுதுகிறேன். நலமா என்று கேட்கவில்லை. டிவியில் பார்த்தேன், நன்றாகத்தான் இருக்கிறாய். கண்ணாடி புதிது போல.

சந்தையில் குண்டு வெடித்து உன் அண்ணன் போன பிறகு நான் பாதிக்கப்பட்டோர் சங்கத்துக்குத் தலைவி, நீ சமாதானக் குழுவுக்குத் தலைவி. எனக்குக் கோர்ட் வராந்தா, உனக்கு மேடை. போகட்டும். ஆனால் மாடிப்படி ஏறும்போது அவர் சீட்டி அடிப்பார் என்று சொல்லி அரங்கத்தையே அழவைத்தாயே, அது என் வீட்டுப் படி. எனக்காக அடித்த சீட்டி. ஒரு வார்த்தை கேட்டாயா? வயிறு எரிகிறது, மறைக்க மாட்டேன்.

குண்டுப் பையை வைத்தவனின் அம்மாவோடு ஞாயிறுதோறும் சிறை வாசலில் நிற்கிறாயாமே? "உங்க நாத்தனார்தான் அந்தம்மா பையைத் தூக்கிட்டு நிக்கறாங்க" என்று எங்கள் செயலாளர் வந்து சொல்கிறார். நான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது? அவனை யாரும் பார்க்க வரக் கூடாது என்று சங்கம் மனுக் கொடுத்திருக்கிறது. அடுத்த மாத விசாரணையில் சங்கத்துக்காகப் பேசப் போவது நான். நீ எதிர்ப்பக்கம் உட்காருவாயா?

உன் அண்ணி

ஜூன் 11

என் அண்ணிக்கு,

திட்டுவதற்காவது எழுதினீர்களே, சந்தோஷம்.

அந்தச் சீட்டி பள்ளிக்கூட நாளிலிருந்தே உண்டு அண்ணி. கேட்டதும் ஓடிப்போய்க் கதவைத் திறப்பது நான்தான். நீங்கள் வந்த பிறகு அது உங்களுக்காகிவிட்டது. அப்போது எனக்கும் வயிறு எரிந்தது.

அந்த அம்மாவை முதல் தடவை தேடிப் போனது, நாலு வார்த்தை நறுக்கென்று கேட்கத்தான். வரிசையில் அவளுக்கு முன்னாலும் பின்னாலும் ஆட்கள் ஒதுங்கி நின்றார்கள். கேட்க வாய் வரவில்லை, பக்கத்தில் போய் நின்றுவிட்டேன். அவன் தண்டனையைக் குறைக்கச் சொல்லி நான் ஒருநாளும் பேச மாட்டேன். ஆனால் பார்க்க வருவதைத் தடுத்தால் அந்தத் தண்டனை அவளுக்கு. அது நியாயமில்லை. அதனால் எதிர்ப்பக்கம்தான் உட்காருவேன்.

ஒரு தடவை நீங்களே வந்து பாருங்கள்.

குட்டி

ஜூன் 20

சமாதானக் குழுத் தலைவி அவர்களுக்கு,

வந்தேன். எதிரே டீக்கடையில் உட்கார்ந்து பார்த்தேன். உள்ளே போனவள் சிரித்த முகமாக வெளியே வந்தாள். மகனைப் பார்த்துவிட்ட சிரிப்பு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் வீட்டுக்காரரைக் கொன்றவனின் அம்மாவுக்கு ஒரு ஞாயிறு இருக்கிறது. எனக்கு எந்தக் கிழமையில் யார் இருக்கிறார்கள்?

மழை பிடித்ததும் குடையை அவள் பக்கமே சாய்த்தாய். நீ தொப்பலாக நனைந்தாய். என் வீட்டுப் பக்கம் தலைகாட்டி எத்தனை காலமாகிறது என்று யோசித்தாயா? மேடைக்கு மட்டும் என் வீடு வேண்டும்!

பதில் வேண்டாம்.

சங்கத் தலைவி

ஜூன் 25

அண்ணி,

வேண்டாம் என்றாலும் எழுதுகிறேன். நான் வராமல் இல்லை. உங்கள் வீட்டுப் படியில் கால் வைத்தாலே அந்தச் சீட்டி காதில் விழுகிறது. ஒவ்வொரு தடவையும் பாதிப் படியிலேயே திரும்பிவிடுகிறேன்.

குட்டி

ஜூலை 15

அன்புள்ள குட்டிக்கு,

நேற்று விசாரணை முடிந்ததும் நீ கைகளை நீட்டிக்கொண்டு வந்தாய். நான் பின்வாசல் வழியாக நழுவிவிட்டேன். கட்டிப்பிடித்தால் போட்டோ எடுப்பார்கள், தெரியும்.

"தண்டனையில ஒரு நாள்கூடக் குறையக் கூடாது. ஆனா அம்மா வந்து பாத்துட்டுப் போகட்டும்" என்று நான் சொன்னதை வைத்து, அண்ணிக்குப் பெரிய மனசு என்று மேடையில் அளந்துவிடாதே. மனசு அதேதான். அவளை நினைத்தால் இப்போதும் எரிகிறது. ஆள் வராத ஞாயிறு எப்படி நகரும் என்று எனக்குத் தெரியும், அதை இன்னொருத்திக்குக் கொடுக்கச் சொல்லிக் கேட்க நாக்கு எழவில்லை. அவ்வளவுதான். செயலாளர் இன்னும் என்னோடு பேசவில்லை. பேசாவிட்டால் போகட்டும்.

அவளுக்கு மகன் இருக்கிறான். வரிசையில் துணைக்கு நிற்க உன் குழுவில் வேறு ஆளே இல்லையா? இந்த ஞாயிறு எனக்கு வேண்டும். தனியாக வா.

பாதிப் படி வரைக்கும் ஏறு, போதும். மிச்சத்துக்கு நான் இறங்கி வருகிறேன்.

உன் அண்ணி