உன் ‘ஒண்டுமில்ல’யை நம்பாத கருவி

என் பொல்லாத அண்ணனுக்கு,

மாங்கேணிக் கரையில் கடல் உன்னைத் தோணியோடு தூக்கி அடித்த அன்று, உன் உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. ஆஸ்பத்திரி விறாந்தையில் பிரஷர் பார்த்தார்கள், சரியாக இருந்தது. “எனக்கு ஒண்டுமில்ல, அந்த அம்மாவ முதல்ல பாருங்க” என்று கட்டிலையும் விட்டுக்கொடுத்தாய். பொழுதுபடுமுன் எங்களை விட்டே போய்விட்டாய். வயிற்றுக்குள்ளே இரத்தம் ஓடியிருக்கிறது. நோகுது என்று என்னிடமாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

நாட்டில் சண்டை முடிந்த பிறகு நான் தாதியானேன். ஓம், ஊசியைக் கண்டால் ஓடுகிற அதே நான்தான். சிரிக்காதே.

இப்போது எங்கள் அவசரப் பிரிவில் ஒரு புதுக் கருவி இருக்கிறது. விரலில் பட்டி மாட்டினால், துடிப்புக்குத் துடிப்பு இரத்த அழுத்தத்தின் அலையைக் கணினியில் வரையும். உன்னைப் போன்ற இளந்தாரி உடம்பு, உள்ளே இரத்தம் போனாலும் பிரஷரை விழவிடாமல் பிடித்துக்கொள்ளுமாம். அலையின் வடிவம்தான் முதலில் மாறுமாம். எத்தனையோ நோயாளிகளின் அலைகளைக் காட்டிக் கணினிக்கு அதைப் பழக்கியிருக்கிறார்கள்; அந்த மாற்றத்தைக் கண்டால் கருவி கத்தும்.

நோன்பு மாதம் வந்தது, கருவியின் மானம் போனது. முஸ்லிம் ஊரான ஏறாவூரிலிருந்து யார் வந்தாலும் அது கத்தியது. பகல் முழுக்கத் தண்ணீர் குடிக்காத உடம்பின் அலையும் கொஞ்சம் அப்படித்தான் இருக்குமாம். அதைப் பழக்கியவர்களுக்கு நோன்பைப் பற்றி என்ன தெரியும்? “நோன்பாளியெல்லாரையும் வயித்த வெட்டிப் பாக்கச் சொல்லுது, நிப்பாட்டுங்க இத” என்றார் டொக்டர். எனக்கு வந்ததே கோபம்! நோன்பு பிடித்திருந்த எங்கள் ஊழியர்களின் விரல்களில் பட்டியை மாட்டி, அந்த அலைகளையும் கணினிக்குப் பழக்க வைத்தோம். பிறகுதான் வாயை மூடியது.

போன கிழமை ஏறாவூர் இளைஞன் ஒருவன் மோட்டார் சைக்கிளில் விழுந்து வந்தான். கீறல் இல்லை, பிரஷர் சரி. “எனக்கு ஒண்டுமில்ல மிஸ், நோன்பு திறக்க வூட்ட போகணும்.” கருவி கத்தியது. “திரும்பவும் நோன்புதான், அனுப்புங்க” என்றார் டொக்டர்.

“இல்ல சேர், நோன்பு அதுக்கு இப்ப தெரியும். ஸ்கான் பண்ணாம இவர விடமாட்டன்.” கட்டிலை மறித்து நின்றேன். ஸ்கானில் பார்த்தால் வயிற்றுக்குள் இரத்தம். உடனே ஒப்பரேசனுக்குக் கொண்டுபோனார்கள்.

பிழைத்துவிட்டான், அண்ணன். அவனுடைய தங்கச்சி எனக்கு நோன்புக் கஞ்சி கொண்டுவந்தாள். விறாந்தையில் உன் பக்கத்தில் நின்றபோது எனக்கிருந்த வயதுதான் அவளுக்கு. கஞ்சியைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன்.

இனி யார் வந்து ‘ஒண்டுமில்ல’ என்றாலும், ஒரு கையில் பட்டியை மாட்டிவிட்டு மற்றக் கையை நான் பிடித்துக்கொள்வேன். அவர்களுடைய தங்கச்சிமாரை வீட்டுக்குத் தனியாகத் திரும்ப விடமாட்டேன்.

கால் இடறினால் இன்றைக்கும் ‘அண்ணன்’ என்றே கத்துகிற,
உன் தங்கச்சி