இடப்பக்கமே சாய்ந்த ஹெலிகாப்டர்

எம்.கே.பி. நகர்,
சென்னை.

அன்பு மகள் மாயாவுக்கு அம்மா எழுதுவது. நானும் உன் நைனாவும் இங்கே சௌக்கியமாக இருக்கிறோம், அயர்லாந்துக் குளிரில் நீயும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும் என்பதே எந்நேரமும் எங்கள் நினைப்பு. சௌக்கியம் என்று எழுதினேனே, அது இந்த வாரம்தான் முழு உண்மை. போன வாரம் வரை போனில் சொன்னதெல்லாம் நீ கவலைப்படக் கூடாது என்று சொன்னது. நீ கூப்பிட்டால் அவர் ஸ்பீக்கரில் போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறார், நான் எதை விவரமாகப் பேச முடியும், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். மழை விட்டுவிட்டது. தெருவில் நின்ற தண்ணீரும் ஒருவழியாக வடிந்துவிட்டது. கீழ்வீட்டு ஜெரினாவுக்குத் தையல் வேலை குவிந்து கிடக்கிறது, உன் நீலச் சுடிதாரைப் பிடித்துத் தைக்கக் கொடுத்தேன், இன்னும் தொடவில்லை.

நீ நைனாவுக்கு அனுப்பிய ரிமோட் ஹெலிகாப்டரைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். பக்கவாதம் வந்ததிலிருந்து அந்த வலது கைக்குப் பயிற்சி என்று ரப்பர் பந்தைக் கொடுத்தால் சுவரில் அடிப்பார், அது உனக்கே தெரியும். எண்ணூர் ரோட்டில் கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டிய மனுஷனுக்குப் பந்து பிடிக்கவில்லை, ஆனால் ஹெலிகாப்டர் பெட்டியைத் திறந்ததும் முகமே மாறிப்போனது. ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு ஜோடி இறக்கை, மேலே இருப்பது ஒரு பக்கம் சுற்றினால் கீழே இருப்பது எதிர்ப்பக்கம் சுற்றுகிறது, அப்படிச் சுற்றாவிட்டால் உடம்பே பம்பரமாகிவிடும் என்று எனக்கு விளக்கம் வேறு. இடது கட்டைவிரல் குச்சி ஏற்றி இறக்க, வலது கட்டைவிரல் குச்சி முன்னே பின்னே பக்கவாட்டில் ஓட்ட. வலது கைக்கென்றே செய்த வேலை என்று நானும் சந்தோஷப்பட்டேன். ஆனால் அது தரையை விட்டு எழும்பியதும் இடப்பக்கம் சாய்ந்து, முன்னாலும் தலை குனிந்து, நேராகப் போய் புத்தர் படத்துக்குக் கீழே சுவரில் முட்டும். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு வலது விரலால் தள்ளித் தள்ளிப் பார்ப்பார், மறுபடியும் அங்கேயேதான் போய் விழும். தினமும் இதே கதை. ஒருநாள் ரிமோட்டைக் கட்டிலில் வைத்துவிட்டு, "மெஷின் நல்லாத்தான் கீது. கைதான் செத்துப்போச்சு. எடுத்து உள்ள வெச்சிடு" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் கூடத் தேவலை, அமைதியாகச் சொன்னார். அதிலிருந்து விரல் பயிற்சியும் நின்றது, பிசியோதெரபிக்குக் கூப்பிட்டால் இன்னாத்துக்கு என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நீ போனில் பறக்குதா நைனா என்று கேட்டபோது பறக்குது பறக்குது என்றாரே, அது அப்போது பீரோ மேல் இருந்தது.

எனக்கு மனசு கேட்கவில்லை. அவர் டீ குடிக்க இறங்கிப் போன நேரத்தில் அதை எடுத்து நானே விட்டுப் பார்த்தேன். மெதுவாகக் குச்சியைத் தள்ளினேன். மேலே கிளம்பியது, உடனே இடப்பக்கம் சாய்ந்தது, அதே சுவர், அதே இடம். மாயா, ஒரு பொருள் கோணலாகப் பறந்ததைப் பார்த்து இவ்வளவு சந்தோஷப்பட்டவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். ஆனாலும் ஒரு சந்தேகம், எனக்கும் பழக்கம் இல்லையே, என் கையும் கோணலாக இருந்தால்? ஜெரினாவைக் கூப்பிட்டேன், மெஷினில் உட்கார்ந்தால் நூல் பிசகாமல் ஓட்டுகிறவள். அவள் விட்டாலும் இடப்பக்கம்தான். "அக்கா, உன் கையும் இல்ல, அண்ணன் கையும் இல்ல. இதுலயே கோணல் கீது" என்றாள்.

அப்புறம் எனக்கு விடவே மனசில்லை. அவர் இல்லாத நேரமெல்லாம் அதோடுதான் பொழுது போனது, ஒருநாள் குழம்பு கூட அடிப்பிடித்தது. குச்சிக்குப் பக்கத்தில் சாய்வைச் சரிக்கட்டச் சின்னச் சின்னப் பட்டன் இருக்கிறதல்லவா, அதில் வலப்பக்கப் பட்டனை அமுக்கிக்கொண்டே போனேன், சாய்வு கொஞ்சம் குறைந்தது, போகவில்லை. பேட்டரி மூக்குப் பக்கமாக நகர்ந்து கிடந்தது, பின்னால் தள்ளிப் பட்டையை இறுக்கினேன், முன்னால் குனிவது நின்றது. இறக்கை ஒன்றில் நுனி உடைந்திருந்தது, பெட்டியில் இருந்த வேறு இறக்கையை மாட்டினேன். இறக்கை திருகாணியை இறுக்கிவிட்டால் உடம்பே உதறுகிறது, கொஞ்சம் தொளதொளவென்று விட்டால்தான் சுற்றும்போது தானே நேராகிக்கொள்கிறது, இதைக் கண்டுபிடித்த அன்று எனக்கு இருந்த பெருமையை யாரிடம் சொல்வது. இவ்வளவு செய்தும் இடப்பக்கச் சாய்வு மட்டும் போகவில்லை. சரி, இனிமேல் மறைத்துப் பயனில்லை என்று அவர் முன்னால் மேசையில் வைத்து, நானும் ஜெரினாவும் ஓட்டிய கதையைச் சொல்லிவிட்டேன்.

எனக்கு உள்ளூரப் பயம், பின்னால் நின்று வேவு பார்த்தாயா என்று கேட்டுவிடுவாரோ என்று. அவர் கண்ணாடியை மாட்டினார், மேசை மட்டத்துக்குக் குனிந்தார், கீழ் இறக்கையை மெதுவாகச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். நான் பட்டனால் தள்ளி வைத்ததை எல்லாம் முதலில் நடுவுக்குக் கொண்டுவரச் சொன்னார், தப்பை மறைத்துவிட்டுத் தப்பைத் தேட முடியாது என்றார். கீழ் இறக்கைக்கு அடியில் வட்டமாக ஒரு தட்டு இருக்கிறது, குச்சியை அசைத்தால் அதுதான் சாயும், அது சாய்கிற பக்கம்தான் ஹெலிகாப்டரும் போகும். குச்சியைத் தொடாமல் இருக்கும்போதே அந்தத் தட்டு இடப்பக்கம் இறங்கியிருந்தது. அதை வலப்பக்கம் தாங்கும் மெல்லிய கம்பி கொஞ்சம் நீளம். அதன் முனையைக் கழற்றி, திருகிக் குறைத்து, மறுபடியும் மாட்ட வேண்டும், அரிசிமணி அளவு முனை. இடது கையால் பிடித்துக்கொண்டு வலது கட்டைவிரலாலும் ஆட்காட்டி விரலாலும் திருகினார். நழுவும், மேசைக்கடியில் விழும், எடுத்து மறுபடியும் திருகுவார். உதவப் போன என் கையை நானே தொடைக்கடியில் வைத்து உட்கார்ந்துகொண்டேன். டீ ஆறி ஏடு கட்டிவிட்டது. மாட்டி முடித்ததும் தட்டு தரைக்கு நேராக நின்றது.

முதலில் நான் விட்டேன். கூடத்தின் நடுவே, ஃபேனுக்குக் கீழே, அப்படியே நின்றது மாயா, எந்தப் பக்கமும் போகாமல். பிறகு அவர் கையில் கொடுத்தேன். எழும்பியது, நின்றது, பிறகு மெதுவாக இடப்பக்கம் ஒரு சாண் நகர்ந்தது. இதை ஏன் செய்தோம், பேசாமல் கோணலாகவே விட்டிருக்கலாமே என்று எனக்குத் தோன்றியது. அவர் அதை இறக்கினார். மறுபடியும் ஏற்றினார், மறுபடியும் அந்த ஒரு சாண். அப்புறம் என்னைப் பார்த்துச் சிரித்தார். "இதான் என் கை. இவ்ளோதான் கீது. நான் மொத்தமும் போச்சுன்னு நெனச்சுகினு இருந்தேன்" என்றார்.

மறுநாள் காலையில் நான் கூப்பிடாமலே சட்டையை மாட்டிக்கொண்டு பிசியோதெரபிக்குக் கிளம்பிவிட்டார். பொத்தான் போட நேரம் ஆனது, ஆனாலும் அவரேதான் போட்டார். வரும்போதே கோணலாகத்தான் வந்தது என்று பாப்பாவிடம் சொல்லாதே, பார்த்துப் பார்த்து அனுப்பினது, மனசு கஷ்டப்படும் என்று என்னிடம் வாக்கு வாங்கியிருக்கிறார். அதனால் இது உனக்குத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதே. எனக்கு ஒரு சந்தேகம் மட்டும் தீரவில்லை, கீழ் இறக்கைக்குத்தான் தட்டும் கம்பியும் இருக்கிறது, மேல் இறக்கைக்கு இரண்டு முனையிலும் குண்டு வைத்த ஒரு தண்டு மட்டும்தான், அது எப்படித் தானாகச் சமாளித்துக்கொள்கிறது? நீ வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில் இஞ்சினியரிங் தெரிந்தவர் யாராவது இருந்தால் கேட்டு எழுது.

எல்லா உயிரும் சுகமாக இருக்கட்டும், அதில் நீ முதலாவதாக இரு. நைட் டூட்டி முடிந்ததும் ஒன்றும் சாப்பிடாமல் தூங்கிவிடாதே, தலைக்குக் குல்லா போடு. யாராவது ஊருக்கு வந்தால் இறக்கை ஒரு செட் கொடுத்தனுப்பு, இப்போது நாங்கள் இரண்டு பேர் ஓட்டுகிறோம். ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடும்போது பறக்குதா என்று என்னிடம் கேட்காதே, அவரிடமே கேள். சீக்கிரத்தில் விடமாட்டார், அதனால் சாப்பிட்டுவிட்டுக் கூப்பிடு.

உன் அம்மா,
அ. வரலட்சுமி